தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க எந்த நூலில் தொடங்கலாம்?

பால்வெட்டு மகள் (சுங்கை சிப்புட்)

வணக்கம். எங்கள் ஊரில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. கோயில் மண்டபத்துக்குப் பின்புறம், திருவிழாக் காலத்தில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடம்தான் எங்கள் கூடம். ஒரு நீள மேசை, பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடுகிறோம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஐந்து பிள்ளைகள், கையுறை ஆலையில் இரவு வேலை பார்க்கும் ஒரு தம்பி, பேருந்து ஓட்டும் ஒரு அண்ணன், அவர் வீட்டு அக்கா, நான், ஆக ஒன்பது பேர். நான் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறவள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

முதல் ஐந்து வாரம் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலை மாறி மாறிச் சத்தமாகப் படித்தோம். தமிழ்நாட்டிலிருந்து மலேசியா வந்து நம் ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்துவிட்டு அவர் எழுதியது. பெரட்டு (விடியற்காலை ஆளெண்ணும் அணி), நிரை (மர வரிசை), ஒட்டுப்பால் (மரத்திலும் கோப்பையிலும் ஒட்டி உறைந்த பால்) என்றால் என்ன என்று பேருந்து அண்ணன்தான் பிள்ளைகளுக்கு விளக்கினார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த கடைசித் தலைமுறை நாங்கள் இருவரும்தான். பிள்ளைகள் எல்லாரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வளர்ந்தவர்கள்.

ஆறாவது வாரம் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, வெள்ளைக்காரன் கூட்டிட்டு வந்தான்னு எல்லாரும் சொல்றாங்க. சரி. ஆனா ஏன் நம்மள? பக்கத்துக் கம்பத்துல ஆள் இல்லியா?" (கம்பம் என்றால் மலாய்க்காரர் கிராமம்.)

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. என் அப்பா 31 வருடம் பால் வெட்டினவர். அவர் மகளாக இருந்துகொண்டு இதற்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லையே என்று அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த பங்குப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். நம் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் புத்தகம். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அப்பாவின் புத்தகத்தில் நீல மையில் 10, 10, 10 என்று வரிசையாக இறங்குகிறது. நடுவில் நான்கு கட்டங்கள் காலி. நான் பிறந்து, அம்மா எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த மாதங்கள் அவை.

ஒரு பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அமானா சஹாம் மாதிரியா?" என்றான். அரசாங்க நிறுவனம் நடத்தும் முதலீட்டுத் திட்டத்தைச் சொல்கிறான். ஆமாம் என்பதா இல்லை என்பதா? எனக்குத் தெரியவில்லை.

அரசியல், பண்பாடு, பொருளாதாரம், தொழில்நுட்பம் நான்கையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் இடத்திலிருந்து தொடங்கும் நூல்கள் வேண்டும். தமிழில் இருந்தால் நல்லது. மலாய் என்றால் பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் படிப்பார்கள். ஆங்கிலம் என்றால் ஒரு அத்தியாயம் சொல்லுங்கள் போதும், கடையில் மதிய நேரத்தில் உட்கார்ந்து நானே தமிழில் சுருக்கி எழுதிக்கொள்வேன். தயவுசெய்து ஐம்பது நூல் பட்டியல் மட்டும் அனுப்பாதீர்கள்.

ஓய்வு வாத்தியார் (கோல கங்சார்)

வணக்கம் அம்மா. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இரண்டு நூல்களைச் சேர்த்து வைத்துப் பதில் தேடுங்கள்.

ஒன்று, சையத் உசேன் அலாத்தாஸ் 1977-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'த மித் ஆஃப் த லேஸி நேட்டிவ்'. 'மித்தோஸ் பிரிபூமி மாலாஸ்' என்று மலாயிலும் இருக்கிறது, பிள்ளைகள் அதையே படிக்கட்டும். சொந்தமாக வயலும் பழமரமும் வைத்திருந்த மலாய் விவசாயி, இன்னொருவனுக்குக் கீழே விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்க மறுத்தான். மறுத்ததற்காக அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பட்டம் எப்படிப் பிறந்தது, அதனால் யாருக்கு லாபம் என்று அலாத்தாஸ் ஏடு ஏடாகக் காட்டுகிறார்.

இரண்டாவது, கெர்னியல் சிங் சந்துவின் 'இந்தியன்ஸ் இன் மலாயா', 1969, கேம்பிரிட்ஜ் வெளியீடு. நம்மை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. நாம் ஏற்கெனவே பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த குடிகள், குறைந்த கூலிக்குப் பழகியவர்கள், சொன்னபடி கேட்பவர்கள் என்று கணக்குப் போட்டார்கள். மலாய்க்காரன் சோம்பேறி, தமிழன் அடங்கியவன். இரண்டு பட்டத்தையும் எழுதிய கை ஒன்றுதான் அம்மா. இரண்டையும் அடுத்தடுத்த வாரம் படித்தால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

கங்காணி முறைக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். கங்காணி தன் ஊரிலேயே, தன் சொந்தத்திலேயே போய் ஆள் பிடித்தான். பிடித்து வந்தவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. 1907-இல் முதலாளிகள் எல்லாரும் பணம் போடும் குடியேற்ற நிதி ஒன்றை அமைத்துக் கப்பல் செலவை அதிலிருந்து கொடுத்தார்கள். 1938-இல் இந்திய அரசு இந்த வழியை அடைக்கும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உங்கள் வட்டத்தில் யார் யார் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரே தோட்டத்துக்காரர்கள் பாதிப் பேர் ஒரே வட்டாரத்தைச் சொல்வார்கள். நூலில் படித்தது அப்போது வீட்டுக்கு வந்துவிடும்.

அரசியலுக்கு உங்கள் ஊரையே எடுங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது என்று பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்தத் தேதி மனப்பாடம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளிகள் சங்கம் கட்டியதும் கூலிக்காக நின்றதும் அவர்களுக்குத் தெரியாது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். மைக்கேல் ஸ்டென்சன் எழுதிய 'கிளாஸ், ரேஸ் அண்ட் கொலோனியலிசம் இன் வெஸ்ட் மலேசியா' (1980) இந்தக் காலத்தை நன்றாகத் திறந்து காட்டும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு நாள் இங்கே வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு எடுத்துப்போனார். அவற்றில் முளைத்து வந்த 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. 9 நாற்றுகள் கோல கங்சாருக்கு வந்தன. அவற்றில் ஒரு மரம் இன்றும் இங்கே நிற்கிறது. அதன் அடியில் நின்று படியுங்கள்.

பாயான் லெப்பாஸ் தம்பி

அக்கா, தொழில்நுட்பத்துக்கு நான் சொல்கிறேன். சிப் ஆலையில் பன்னிரண்டு வருடமாக வேலை.

1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப மண்டலம் வந்தது. அதே வருடம் இண்டெல் பினாங்குக்கு வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் போட்ட முதல் ஆலை. என் பெரியம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து இப்படி ஒரு ஆலைக்கு வந்தவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுவது வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் சாலை விளக்கு இரண்டு இரண்டாகத் தெரியும் என்பார். நாற்பது வயதுக்குள் கண்ணாடி தடிமனாகிவிட்டது.

கிறிஸ் மில்லர் எழுதிய 'சிப் வார்' (2022) படியுங்கள். முழுவதும் வேண்டாம். ஆசியாவில் பெண்களை வைத்துச் சிப் கோர்த்த கதை வரும் அத்தியாயம் போதும். கூலி குறைவு, விரல் நுணுக்கம், சங்கம் கிடையாது என்று அன்று சொல்லப்பட்ட காரணங்களை, வாத்தியார் ஐயா மேலே எழுதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூடவே ஐவா ஓங் 1987-இல் எழுதிய 'ஸ்பிரிட்ஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்'. கோல லங்காட்டில் ஆலைக்குப் போன கம்பத்து மலாய்ப் பெண்கள் மேல் வேலை நேரத்தில் பேய் இறங்கிய சம்பவங்களை வைத்து எழுதியிருக்கிறார். ஏன் இறங்கியது, நிர்வாகம் அதை எப்படிப் பார்த்தது என்று போகும். பண்பாடு, இயந்திரம், கூலி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். நம் பிள்ளைகள் சாமியாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நாளைய கணக்கு (ஈப்போ)

அக்கா மேல் மரியாதை வைத்துத்தான் சொல்கிறேன். தோட்டத்துக் கண்ணீரை எத்தனை தலைமுறை படிப்பது? கங்காணியும், ஜப்பான்காரன் காலத்தில் நம் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம் ரயிலும் படித்து எந்தப் பிள்ளைக்கும் வேலை கிடைக்கப்போவதில்லை. அந்த ஐந்து பேருக்கும் செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன, வட்டி எப்படிப் பெருகும், ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். எங்கள் வீட்டில் பழங்கதை பேச நேரம் இருந்தது, ஒரு கல்விக் கடன் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் சொல்கிறேன்.

வெளிக்காட்டு வீடு (தெலுக் இந்தான்)

தம்பி, நீங்கள் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். பாரம் நிரப்பக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். மீதிப் பாதிக்கு ஒரு வண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அம்மா செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் பூ வேலைக்காரி. மகரந்தத் தூளை டால்கம் பவுடரோடு கலந்து, பிதுக்கும் புட்டியில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூ விரிந்திருக்கிறதா என்று மட்டையை விலக்கிப் பார்த்து ஊத வேண்டும். முள் குத்தின கையோடு வருவார். தலை வெள்ளையாக இருக்கும், வாசனையும் வரும். அப்போது அது ஒரு நிரந்தர வேலை. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். எலேய்டோபியஸ் கமெருனிகஸ் என்று பெயர். எள்ளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது அதன் இயல்பு. கொஞ்ச நாளில் காடு முழுக்கப் பரவியது. காய்ப்பு கூடியது. பூ வேலை என்ற ஒன்றே இல்லாமல் போனது. அம்மாவை உரம் போடும் கும்பலுக்கு மாற்றினார்கள், சம்பளம் குறைந்தது. அம்மாவின் வேலையை அந்த வண்டுதான் எடுத்துக்கொண்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் வேளாண்மைப் படிப்புக்குப் போனபிறகு நான்தான் சொன்னேன்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் யார் வேலை போகும், கூடுகிற லாபம் யார் கைக்குப் போகும் என்று நாளைக்கு உங்கள் பிள்ளை கேட்பான். அதே கேள்வி நம் வீட்டில் 1981-இலேயே வந்துவிட்டது தம்பி. இதற்கு ஒரு நூலும் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்காட் எழுதிய 'வெப்பன்ஸ் ஆஃப் த வீக்' (1985). கெடாவில் மூடா வயல் பக்கத்து மலாய்க் கிராமம் ஒன்றில் 1978 முதல் 1980 வரை தங்கி எழுதினார். நெல் அறுக்கும் பெரிய இயந்திரம் வந்ததும் அறுப்பு வேலையை நம்பிய ஏழைக் குடும்பங்கள் என்ன ஆயின, அவர்கள் வாய் திறக்காமல் எப்படி எதிர்த்தார்கள் என்பதுதான் நூல். மாணவர்களுக்குச் சற்றுக் கனம். இயந்திரம் வரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

தமிழில் ஒன்று கட்டாயம்: முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு'. ஒரு குடும்பம் வந்த கதையை அந்தக் குடும்பத்துப் பெண்ணே எழுதியது. சயாம் ரயிலுக்கு அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது.

பால்வெட்டு மகள் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அதற்குள் என்னென்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி முந்திக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அலாத்தாஸ் மலாய்ப் பதிப்பில் பதினாறு பக்கம் நகல் எடுத்தோம். அடுத்த வாரம் சந்துவிலிருந்து நான் சுருக்கி எழுதிய நான்கு பக்கம். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ அவங்களுக்கு வேணாம்னு சொல்ல ஒரு வயல் இருந்துச்சு. நமக்கு இல்ல" என்றாள். இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

கையுறை ஆலைத் தம்பி அன்றைக்கு ஒரு விஷயம் சொன்னான். அவன் ஆலைக்கு வரும் ரப்பர் பால் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து டாங்கியில் வருகிறதாம். பால்மரம் வெட்டக் கிளம்பிய கூட்டத்தின் பேரன், அயல்நாட்டுப் பாலை அச்சில் முக்கி எடுக்கிறான். அவன் பக்கத்தில் நிற்பவர்கள் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கி வந்தவர்கள். "அவங்க ஊருலயும் கங்காணி இருக்காரு அக்கா" என்றான். அவர்களில் ஒருவரை ஒரு சனிக்கிழமை கூட்டி வரச் சொல்லியிருக்கிறோம். மலாயில் பேசுவார்.

பங்குப் புத்தகத்துக்கு வருகிறேன். இதற்காக நானே தேடிப் படித்தேன். அந்தப் பையன் கேட்ட அமானா சஹாமை நடத்துவது பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம், 1978-இல் அரசாங்கம் தொடங்கியது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் இதே நிறுவனம் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியின் பங்குகளை நான்கு மணி நேரத்துக்குள் வாங்கிக் குவித்தது. பெரும் பெரும் தோட்டங்கள் ஒரே காலையில் இந்நாட்டின் கைக்கு வந்தன. அதற்கு இருபது வருடம் முன்னால் சம்பந்தன் செய்ததும் துரையிடமிருந்து தோட்டத்தை வாங்கும் வேலைதான். இங்கே பணம் தொழிலாளி சம்பளத்திலிருந்து மாதம் 10 வெள்ளியாக வந்தது, அங்கே அரசின் நிதியிலிருந்து மொத்தமாக வந்தது. இரண்டையும் பலகையில் எழுதிப் போட்டேன். பையன் உடனே கேட்டான்: "துரை போயிட்டாரு, சரி. லயத்து வீடு யாருக்கு?"

எங்கள் வீடு எங்களுக்கு இல்லை. கூட்டுறவுத் தோட்டத்தில் பங்கு போட்ட அப்பா வேலை பார்த்தது வேறொரு கம்பெனித் தோட்டத்தில். எனக்குப் பதினேழு வயதில் அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள். வேலை போன அன்றே வீடும் போனது, ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது. கோழிக்கூட்டைப் பிரித்து லாரியில் ஏற்றியபோது அம்மா முருங்கை மரத்திலிருந்து ஒரு கொம்பை ஒடித்து எடுத்து வந்தார். இதை அன்று மேசையில் சொன்னேன். ஒன்பது பேரில் ஐந்து பேர் தங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் மூன்று பிள்ளைகள் அதைக் கேட்டறிந்ததே போன வாரம்தான், தாத்தா பாட்டியிடம் போய் விசாரித்து.

நாளைய கணக்குத் தம்பிக்கு: உங்கள் சொல்லை ஒதுக்கவில்லை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி அரை மணி நேரம் பாரத்துக்கும் ஈ.பி.எஃப். கணக்குக்கும்தான். நான் கணக்கு எழுதுகிறவள், கூட்டு வட்டி சொல்லிக்கொடுக்க என்னால் முடியும். கல்விக் கடன் பாரத்துக்கு நீங்கள் ஒரு நாள் வந்து உட்கார முடியுமா? ஈப்போவிலிருந்து ஒரு பஸ்தானே. சாப்பாடு எங்கள் வீட்டில்.

வண்டைப் பற்றி எழுதிய தெலுக் இந்தான் தம்பி, உங்கள் அம்மா சௌகரியமாக இருந்தால் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசுவாரா? ஸ்காட் நூலின் இயந்திரப் பகுதியை ஒரு பிள்ளை தானே தமிழில் சொல்லுகிறேன் என்று எடுத்துப் போயிருக்கிறாள். அவள் சொல்லி முடித்ததும் உங்கள் அம்மா குரலைக் கேட்டால் பொருத்தமாக இருக்கும். புட்டியை எப்படிப் பிடிப்பார், ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று கேட்கப் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வரும் 2-ஆம் சனிக்கிழமை கோல கங்சார் வருகிறோம். பேருந்து அண்ணன் ஒரு வேன் பேசியிருக்கிறார், ஆளுக்கு 15 வெள்ளி. அப்பாவின் உளியையும் எடுத்து வருகிறேன். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்ளே மரத்தைத் தொட்டால் அந்த இடம் புண்ணாகி முடிச்சு போட்டுவிடும் என்று அப்பா சொல்வார். அதே கோட்டில் மறுபடி மறுபடி மெல்லச் சீவும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி கண்டு சொன்னார் என்று இப்போதுதான் படித்தேன். அப்பாவின் கை அதை நாள் தவறாமல் செய்துகொண்டிருந்தது. வாத்தியார் ஐயா, மரத்தடியில் உங்களைக் காலை ஒன்பதரைக்குப் பார்க்கலாமா?

இன்னொரு உதவி. சின்னப்பா அரசரத்தினத்தின் 'இந்தியன்ஸ் இன் மலேசியா அண்ட் சிங்கப்பூர்' கடைகளில் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் ஒரு மாதம் இரவல் தாருங்கள். அட்டை போட்டு, பக்கம் மடங்காமல், நானே நேரில் கொண்டுவந்து கொடுப்பேன்.